சுவரைப் பார்த்து நிற்பவன்

மார்ச் 4

தம்பி,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு அத்தனையையும் கேட்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் பாதியில் நீ போனை வைக்க முடியாது.

"அம்மா விழுந்துட்டா. பெருசா ஒண்ணுமில்ல." இவ்வளவுதான் நீ அனுப்பியது. எப்படி விழுந்தாள், எங்கே அடி, டாக்டர் பார்த்தாரா, எதுவும் இல்லை. மீதியை எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளியலறை வாசலில், மத்தியானத்தில் விழுந்தாளாம். சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தாராம். பெற்ற மகள் நான் ஊராரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. உங்கள் மத்தியானம் இந்த நாட்டில் எனக்குக் காலை இடைவேளை. அன்றைக்கு லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வழக்கம்போல் போனில் நம் கட்டை உலக விளையாட்டைத் திறந்து பார்த்தேன். நீ உள்ளே இருக்கிறாய் என்று உன் பெயர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அப்போதும் பச்சை. வேலை முடிந்து பார்த்தாலும் பச்சை. அம்மா விழுந்த நேரத்தில் நீ அங்கே மலையை வெட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த விளையாட்டுக்குள் உன்னை இழுத்துவிட்டது நான்தான், மறக்கவில்லை. அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன புதிதில், நீ வீட்டோடு அடைந்து கிடக்கிறாயே, பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று ஒரு உலகத்தைத் திறந்து உன்னைக் கூப்பிட்டேன். வீட்டுப் பேச்சு உள்ளே வரக்கூடாது, அங்கே நாம் வீடு கட்டுவோம், ஆடு வளர்ப்போம், சுரங்கம் தோண்டுவோம், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டோம். முதல் மாதம் நீயும் அப்படித்தான் இருந்தாய். அப்புறம் வடக்கே இருந்த மலை உன் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு கட்டையாகப் பெயர்த்து, கீழே ரசமட்டம் வைத்த மாதிரி ஒரு தரை. அதில் வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் மாற்றி மாற்றி. ஒரு கல் தப்பிப்போனால் அந்த வரிசை முழுவதையும் பெயர்த்து மறுபடி போடுகிறாய். நம்மோடு அங்கே விளையாடுகிற மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்டுவிட்டார், "உங்க தம்பிக்கு இந்த மைதானத்துல என்ன நடத்தணும்?" என்று. ஆட்டின் மயிரைக் கத்தரிக்கும் முன்னால் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறவர் அவர். யார் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் போய்ச் சாத்திவிட்டு வருகிறவர். அவருக்கே உன்னைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது.

போதும். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதே. அம்மாவைப் பார்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை. இடுப்பில் நீலமாகக் கன்றியிருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டார். களிம்பு போடுகிறேன். நேற்றிலிருந்து பழையபடி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். குழைய வடித்த சோற்றைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்து, "உப்பு இல்ல சார்" என்றாள். அவள் நலமாக இருக்கிறாள் என்பதற்கு இதைவிடச் சான்று கிடையாது.

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இன்னும் எல்லோரும் அவளுக்கு சார்தான். நான் சார், டீச்சர் சார், ஜன்னலில் வந்து உட்காருகிற பூனையும் சார். தபால் ஆபீஸ் கவுண்டரில் வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தை. வாதம் வந்து மற்ற வார்த்தைகள் தடுமாறியபோதும் அது மட்டும் ஒட்டிக்கொண்டது.

என் பெயர் பச்சையாக இருந்தது என்றால் இருந்தது. அதற்கு நான் என்ன சொல்ல? நீ இங்கே இல்லை. உனக்கு எரிந்த விளக்கு மட்டும்தான் தெரியும்.

நான் தரை போடுவது உனக்குப் பைத்தியமாகத் தெரிகிறது. உன்னுடையது என்ன? ஒரு குகைக்குள் நுழைந்தால் நாலடிக்கு ஒரு தீப்பந்தம் நடுகிறாய். நட்டதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய். இருட்டில்தான் பேய் பிறக்கும் என்று பட்டப்பகலில் புல்வெளி முழுக்கப் பந்தம். அது போகட்டும். ஆழத்திலிருந்து வைரம் எடுத்து ஒரு கடப்பாரை செய்தாயே, அதை ஒரு நாளாவது கையில் எடுத்தாயா? தேய்ந்துவிடும் என்று பெட்டியில் வைத்து, பெட்டியைச் சுவருக்குள் வைத்து, சுவர்மேல் படம் மாட்டி வைத்திருக்கிறாய். மண்ணை மட்டும் மரக்கடப்பாரையால் குத்திக்கொண்டிருக்கிறாய். நீ வேலையில் சேர்த்து வைத்திருக்கும் லீவையும் அதே பெட்டியில்தானே பூட்டி வைத்திருக்கிறாய்?

முதுகு வலிக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

தம்பி


மார்ச் 15

தம்பி,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். லீவைப் பற்றி எழுதினாயே, அந்த வரி வந்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "இல்ல, வீட்டுலேர்ந்து" என்றேன்.

சேர்த்து வைத்தது உண்மைதான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்போது எடுக்கலாம் என்றுதான். முதல் தடவை வாதம் வந்து விழுந்தபோது, இன்னும் மோசமாக ஒன்று வந்தால் வேண்டியிருக்குமே என்று எடுக்கவில்லை. இப்போது மறுபடி விழுந்திருக்கிறாள். இன்னும் மோசம் என்பது எது, அது எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

ஆனால் நீ பேச்சை மாற்றிவிட்டாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இந்த வாரமும் தினமும் பார்த்தேன். பொழுது விடிந்தால் பச்சை, பொழுது சாய்ந்தாலும் பச்சை. அம்மாவை எப்போது குளிப்பாட்டுகிறாய்? எப்போது ஊட்டுகிறாய்? ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் மவுஸுமா?

அந்த உலகம் நான் திறந்தது. யாரை உள்ளே விடுவது என்பது என் கையில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வருவேன். நீ எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உன் பெயரை எடுத்துவிடுவேன். முன்கூட்டியே சொல்கிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று சண்டைக்கு வராதே.

அக்கா


மார்ச் 22

தம்பி,

உன் பெயரை எடுக்கவில்லை.

இன்று உன்னைத் தேடி உன் தரைக்குப் போனேன். நீ இல்லை. மலை போன மாதம் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் நின்றது. ஓரத்தில் ஒன்றிரண்டு வரிசை மட்டும் புதிது. நாள் முழுக்க வெட்டுகிறவன் வெட்டிய மலையா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோதுமை வயல் பக்கம் மருந்துக்கடைக்காரர் ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"தம்பியா? வயலுக்கு அடியில பாருங்க. எப்பவும் அங்கதான் நிக்கிறாரு. நான் வணக்கம் சொன்னாலும் பேச மாட்டாரு. மொதல்ல கோவம்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, ஆளே இல்லன்னு."

வயலின் நடுவில் தோண்டினேன். கீழே நாலு பக்கமும் கல்லால் அடைத்த ஒரு பொந்து. ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதற்குள் உன் ஆள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நான் எதிரே போய் நின்றேன். கண்ணிமைக்கவில்லை. "டேய்" என்று எழுதினேன். பதில் இல்லை. சும்மா பக்கத்தில் நின்றேன். மேலே கோதுமை வளர்ந்துகொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ எடுப்பாய் என்று நினைத்தேன். அம்மா எடுத்தாள். இடது கையால் அதை எப்படிப் பிடித்தாளோ.

"சார்?"

"அம்மா, நான்தாம்மா."

"தெரியும் சார்."

"தம்பி எங்கம்மா?"

"கீழ."

"கீழன்னா? கடைக்குப் போயிருக்கானா?"

"தரையில. சார் தரையில." அதற்கப்புறம் வார்த்தை தேடினாள். "முதுகு," என்றாள். "என்னத் தூக்கி. முதுகு. எந்திரிக்கல." பிறகு, இந்த வியாதி வந்த பிறகும் தெளிவாக வருகிற அந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் உன் குரல் கேட்டது. "யாரும்மா போன்ல? ராங் நம்பரா? வச்சிடு." தரைமட்டத்திலிருந்து வருகிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா வைத்துவிட்டாள்.

அந்த நேரத்திலும் இங்கே உன் பெயர் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

ஏன்டா சொல்லவில்லை?

அக்கா


மார்ச் 28

அக்கா,

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்துவிட்டேன். எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஆனது. அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். நான் தரையில் படுத்து, காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். டாக்டர் சொன்ன படுக்கை இது.

முதலில் அந்தப் பொந்து. உனக்குத் தெரியாததில்லை, நீ மறந்திருப்பாய். நம் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அங்கே பயிர் வளரும், மாடு கன்று போடும். நாம் வெளியேறிவிட்டால் சுற்றியிருக்கிற எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதனால் அனேகமாக எல்லோரும் இதைச் செய்கிறார்கள். தன் ஆளைப் பேய் வராத ஒரு பொந்தில் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் காலையில் எழுந்ததும் அவனை நிறுத்துவேன். பிறகு அம்மாவுக்குத் துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கையைக் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பது, துவைப்பது. நடுநடுவே ஸ்கிரீனைப் பார்ப்பேன். கோதுமை கொஞ்சம் உயர்ந்திருக்கும். இந்த வீட்டில் வேறெதுவும் நாளுக்கு நாள் வளர்வதாக எனக்குத் தெரியவில்லை.

அது மட்டும் காரணம் என்று சொன்னால் பாதிப் பொய். நீ இடைவேளையில் போனைத் திறப்பாய் என்று எனக்குத் தெரியும். என் பெயர் எரிந்தால் நீ பார்ப்பாய். தம்பி இருக்கிறான் என்று ஒரு ஆளுக்காவது தெரியட்டும் என்று விட்டிருந்தேன். நீ அதைப் பார்த்து வேறு கணக்குப் போட்டாய். உன்மேல் குற்றம் இல்லை.

நான் நிஜமாக விளையாடுவது அம்மா மத்தியானம் தூங்குகிற நேரத்தில்தான். அப்போது தரை போடுகிறேன். ஒரு கட்டை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் எனக்குப் பல் கூசுகிறது. என் பழைய தரை வேலைக்கு மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டார். "எப்பப்பா வர்ற? நீ போட்ட தரையில தண்ணி ஊத்துனா தானா வழிஞ்சி போகும், மத்தவன் போட்டா தேங்கி நிக்குது." வருகிறேன் என்று சொன்னேன். இப்போது அவர் கூப்பிடுவதில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

இனி அம்மா விழுந்த கதை. குளியலறையிலிருந்து அவளை எழுப்பி நிறுத்தினேன். வாசற்படி தாண்டும்போது அவளுடைய வலது கால் மடங்கியது. அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. கையை விட்டால் அவள் தலை சுவரில் மோதும். விடாமல் அப்படியே பின்னால் சாய்ந்தேன். நான் கீழே, அவள் மேலே. எலும்பு தப்பியது அதனால்தான். டீச்சர் வந்து அவளைத் தூக்கினார். என்னைத் தூக்க இன்னொரு ஆள் வர வேண்டியிருந்தது. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். சொன்னால் நீ வருவாய். வந்தால் நான் கூப்பிட்டு வந்ததாக ஆகும். அந்த வேலையை வாங்க நீ எத்தனை வாசல் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். வா என்று நான் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்.

எழுந்திருக்கிறாள், போகிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

நீ எழுதவில்லை. நானாகத்தான் வருகிறேன்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "இத்தனை வருஷத்துல நீ லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லயே. கல்யாணமா?" என்றார்.

"இல்ல சார். வீட்டுல ஆள் வேணும்."

"எவ்வளவு நாள்?"

"இருக்கறது எல்லாம்."

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்று மாதத்துக்குமேல் வருகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "மெஷினை யாருக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றார். இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை நாள் செய்யாமல் இருந்திருக்கிறேனே என்று கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாதக் கடைசியில் அங்கே இருப்பேன். மேஸ்திரியிடம் நீயே பேசு. முதுகைக் காட்டி, டாக்டர் சரி என்று சொன்னால்தான் கிளம்ப வேண்டும். குனிந்து தூக்குகிற வேலையை மற்றவர்கள் பார்க்கட்டும், நீ கல் பதிக்கிற வேலையை மட்டும் பார். அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லிவிடாதே. தேதி தெரிந்தால் தூங்க மாட்டாள்.

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, அந்த வைரக் கடப்பாரையை எடுத்தேன். எதை வெட்டுவது என்று தெரியவில்லை. உன் மலையில் ஒரு மூலையை வெட்டினேன். வெண்ணெய் மாதிரி போகிறது.

அக்கா


மே 11

அக்கா,

இங்கே வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. நீ போன் செய்யும்போதெல்லாம் இரைச்சல், பேச முடியவில்லை. பழக்கமாகிவிட்டது, எழுதுகிறேன்.

புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி. நான் இருப்பது நீளமான நடைபாதையில். இந்தக் கடைசியில் நின்றால் அந்தக் கடைசியில் இருக்கிற ஆள் விரல் அளவு தெரிகிறார். நூல் கட்டி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டே போகிறோம். முதல் நாள் ரசமட்டத்தைக் கையில் எடுத்தபோது உள்ளே அந்தக் குமிழி நடுங்கியது. மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். முதுகுக்குப் பட்டை கட்டியிருக்கிறேன். சிமெண்ட் கலவையை வேறு ஆள் தூக்கிக்கொண்டு வருகிறார்.

சாயங்காலம் கைகால் கழுவிவிட்டுப் படுத்தால் எப்போது தூங்கினேன் என்று தெரிவதில்லை. முதல் இரண்டு நாள், அம்மா கூப்பிட்டாள் என்று திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர், "யாரும் கூப்பிடல, படுங்க" என்றார். தினமும் அதையே சொன்னார். இப்போது எழுந்திருப்பதில்லை.

நான் கிளம்பிய அன்றைக்கு அம்மா என் சட்டை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லையே, அதை மட்டும் மறக்க முடியவில்லை. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். "பொத்தான்" என்றாள். ஒரு பொத்தான் போடாமல் இருந்திருக்கிறது. போட்டுக்கொண்ட பிறகுதான் விட்டாள்.

இங்கே வந்ததிலிருந்து நான் கட்டை உலகத்துக்குள் போகவே இல்லை. நினைவே வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

தம்பி


மே 27

தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி என்றதும் பதறிவிட்டாள். கட்டுகிற ஆஸ்பத்திரி, அவன் நோயாளி இல்லை என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நான் களைத்துப் போயிருக்கிறேன். இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. வேலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே லென்ஸ் தேய்த்தவள்தான் நான். அது வேறு. மெஷினை நிறுத்தினால் வேலை நின்றுவிடும். இங்கே எதை நிறுத்துவது? துணி மாற்றி முடித்தால் சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் மறுபடி துணி. நேற்று அவளைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தேன். கண்ணைத் திறந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது.

விளக்குச் சண்டை வேறு. என் புத்தி உனக்குத் தெரியுமே, கூடத்திலும் போட்டு, சமையலறையிலும் போட்டு, குளியலறையிலும் போட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு அது ஆகாது. "அணை சார்! அணை!" என்று கத்துகிறாள். நான் ஒவ்வொன்றாக அணைப்பேன். அவள் தூங்கியதும் போய் ஒவ்வொன்றாகப் போடுவேன்.

இன்னொன்று. உன் கம்ப்யூட்டரில் நானும் உள்ளே போனேன். விளையாட இல்லை, தெம்பும் இல்லை. உன் பொந்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பொந்து தோண்டி, என் ஆளை நிறுத்திவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டப் போனேன். நடுவில் வந்து பார்த்தேன். வயல் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னைத் திட்டி எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

மருந்துக்கடைக்காரர் வந்து, "நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று எழுதியிருந்தார். நான் பார்ப்பதற்குள் போய்விட்டார். போகும்போது என் பொந்துக்கு ஒரு கதவு வைத்து, அதைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா


ஜூன் 30

அக்கா,

நடைபாதை முடிந்துவிட்டது. கடைசிக் கல்லை நான்தான் பதித்தேன். மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு நிற்கவில்லை. யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் அடுத்த மாடிக்கு ஏறிப் போய்விட்டார்கள்.

இனி எழுதுவது கஷ்டமான விஷயம். முந்தாநாள் வீட்டுக்குக் கிளம்பினேன். உனக்குச் சொல்லவில்லை, திடீரென்று வந்து நிற்கலாம் என்று. பஸ் டிக்கெட் வாங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வர்றீங்களா, இல்லயா?" என்று கேட்டார். பஸ் போய்விட்டது. நான் மறுபடி இங்கே வந்து படுத்துக்கொண்டேன்.

அம்மாமேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்த வீட்டு வாசலுக்குள் கால் வைத்தால் மறுபடி வெளியே வர மாட்டேனோ என்று ஒரு பயம். அவ்வளவுதான். உன் லீவு தீரப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மேஸ்திரிக்கு அடுத்து ஒரு பள்ளிக்கூட வேலை வந்திருக்கிறது. "வர்றியாப்பா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ என்ன நினைப்பாயோ நினை. உன்னிடம் மறைத்து ஒருதரம் பட்டது போதும்.

தம்பி


ஜூலை 4

தம்பி,

உன் கடிதம் வந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். "என்ன சார்?" என்று கேட்டாள். பஸ் கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "கூட்டம்" என்றாள்.

உண்மையைச் சொல்லவா? இரண்டு வாரமாக நானும் ஒரு பயத்தில்தான் இருந்தேன். என் பயம் என்னவென்றால், நீ வராமல் போய்விடுவாயோ என்பது. நான் எப்படிப் போனேனோ அப்படி. போய்விட்டு, மாதா மாதம் போன் செய்து, பச்சை விளக்கைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டு. அப்படி ஒரு தம்பியை என்னால் திட்டவும் முடியாது. எந்த வாயால் திட்டுவேன்?

அதனால் யோசித்தேன். நேற்று சூப்பர்வைசரிடம் போனில் பேசினேன். சம்பளமில்லாமல் வருஷக் கடைசி வரை இருந்துகொள், அப்புறம் வந்தால் மெஷின் இருக்கும் என்றார். இருந்துகொள்கிறேன். நீ பள்ளிக்கூட வேலைக்குப் போ. அது முடிந்ததும் நீ வந்து இரு, நான் போகிறேன். அதற்கடுத்து மறுபடி நான். முறை வைத்துக்கொள்வோம். உள்ளே போகிறவனுக்கு வெளியே வரும் தேதி தெரிந்திருந்தால் போதும், கால் எழுந்துவிடும். மத்தியானம் ஒரு பெண் வந்து துணைக்கு இருக்கிறேன் என்று டீச்சர் மூலம் சொல்லியிருக்கிறாள். நேற்று வந்து பார்த்தாள். அம்மா அவளையும் சார் என்றாள். அவள் சிரித்துக்கொண்டே "சொல்லுங்க சார்" என்றாள். எனக்குப் பிடித்துவிட்டது.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். இதில் கோபம் இல்லை. இருந்தால் இத்தனை நிதானமாக எழுதியிருக்க மாட்டேன், உனக்குத் தெரியும்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

பள்ளிக்கூட வேலை மாதக் கடைசியில்தான் தொடங்குகிறது. வருகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஜனவரியிலிருந்து என்னால் முடியாது, அப்போது என் முறை என்றும் சொன்னேன். "முறையா? என்ன முறை?" என்றார். வீட்டு முறை என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

அதுவரை நடுவில் இருக்கிற நாட்களை இங்கே படுத்துக் கழிக்க மனசு வரவில்லை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறுகிறேன். இந்தத் தடவை ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஞாயிறு விடியும்போது வீட்டில் இருப்பேன். அம்மாவைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு, துணி எல்லாம் அன்றைக்கு என்னுடையது. சாவி என்னிடம் இருக்கிறது. கதவுச் சத்தம் கேட்டால் நான்தான்.

நீ எழுந்து வராதே. தூங்கு.

தம்பி